கொம்பியூட்டரில இடம் காணாதோ? புது எஸ்.எஸ்.டி பூட்டி, பழைய டிஸ்க்கையும் வச்சுக்கொண்டு பெருப்பிக்கிற முழு வழி

மல்லாவியில இருக்கிற எங்கட பெரியம்மான்ட மகள் போன மாசம் கோல் எடுத்து, "தம்பி, சி டிரைவ் சிவப்பாக் கிடக்கு, ஒரு வினாத்தாள் அடிச்சு சேவ் பண்ணவும் விடுதில்லை, புதுக் கொம்பியூட்டர்தான் வாங்கோணுமோ" எண்டு கேட்டவ. அக்கா ரீச்சர். வீட்டில கிடக்கிறது நாலாம் ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹாட் டிஸ்க். காலமை ஓன் பண்ணிப்போட்டு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு கோப்பையும் கழுவி வச்சிட்டு வந்தாலும் அந்தச் சின்ன லைட் மினுங்கிக்கொண்டே இருக்கும். வாங்க வேண்டாம் அக்கா, டிஸ்க்கை மட்டும் பாப்பம் எண்டு சொல்லி ஒரு சனிக்கிழமை போய்ச் செய்து குடுத்தன். அதுக்குப் பிறகு துணுக்காய், மாங்குளம் பக்கத்தில அவவோட படிப்பிக்கிற ஆக்கள் நாலைஞ்சு பேர் அதே கேள்வியைக் கேட்டுட்டினம், ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லி முடிக்கேலாது, அதால தொடக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் எழுதிவிடுறன்.

முதல் ஏன் டிஸ்க் எண்டு விளங்கோணும். பழைய ஹாட் டிஸ்க்குக்குள்ள உண்மையாவே தட்டு ஒண்டு சுத்துது, நிமிசத்துக்கு 7200 தரம், லப்டொப் எண்டா கூட 5400. நீங்கள் கேக்கிற பைல் இருக்கிற இடம் ஊசிக்குக் கீழ வரும் மட்டும் அது காத்திருக்கோணும். ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெக்கன், சராசரியா அரைச் சுத்து, அதோட ஊசி நகருற நேரமும் சேரும். விண்டோஸ் எழும்பேக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பைலைத் தேடுது, ஒவ்வொண்டுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்.எஸ்.டி எண்டது பென் டிரைவ் மாதிரி சிப்பில பைலை வைக்கிற டிஸ்க், அதில சுத்துறதுக்கு ஒண்டும் இல்லை, அந்தக் காத்திருப்பு 0.1 மில்லிசெக்கன் அளவுக்கு இறங்கிடும். பெட்டியில போட்டிருக்கிற செக்கனுக்கு 550 எம்பி வேகத்தை விட இதுதான் பெரிய விசயம்.

கழட்ட முதல்

திருப்புளியை எடுக்க முதல் ரெண்டு வேலை. ஒண்டு, இடத்தை எது தின்னுது எண்டு பாருங்கோ. விண்டோஸ் செட்டிங்ஸில சிஸ்டம், பிறகு ஸ்டோரேஜ் எண்டு போனா காட்டும், இல்லாட்டி விஸ்ட்ரீ எண்ட இலவச சொஃப்ட்வெயர் போட்டா ஒரு நிமிசத்துக்குள்ள பெரிய போல்டரை எல்லாம் வரிசையாக் காட்டும். அக்கான்ட மெஷினில வட்ஸ்அப்பில வந்த வீடியோவும், பழைய விண்டோஸின்ட போல்டரும், ஒரே கலியாண வீடியோவின்ட மூண்டு கொப்பியும் கிடந்தது. சில பேருக்கு இதைத் துடைச்சாலே காணும், காசு செலவழிக்கத் தேவையில்லை.

ரெண்டாவது, இருக்கிற டிஸ்க் சுகமா இருக்கோ எண்டு பாக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்டு ஒண்டு இருக்கு, இலவசம். திறந்தோடன நீலத்தில குட் எண்டு வந்தா நல்லது, மஞ்சளில கோஷன் எண்டு வந்தா கீழ ரீஅலொக்கேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர் எண்ட வரியளைப் பாருங்கோ. முதலாவது, பழுதாப்போய் வேற இடத்துக்கு மாத்தின துண்டுகளின்ட எண்ணிக்கை, ரெண்டாவது, வாசிக்கேலாமத் தடுமாறிக்கொண்டிருக்கிற துண்டுகள். ரெண்டாவது பூச்சியம் இல்லாட்டி க்ளோன் (முழு டிஸ்க்கையும் அப்பிடியே இன்னொண்டுக்கு உரிக்கிறது), செக் டிஸ்க் (விண்டோஸின்ட டிஸ்க் சோதனை) எண்டு ஒண்டையும் தொடாதேங்கோ. செக் டிஸ்க் ஓடவிட்டா சாகக்கிடக்கிற டிஸ்க்கை மணித்தியாலக்கணக்கா உழக்கும். முக்கியமான போல்டரை மட்டும் முதல் வெளிய எடுங்கோ, படம் முதல், பிறகு டொக்கியூமென்ட், கடைசியா வீடியோ.

டிஸ்க் நல்லா இருந்தாலும் இந்தக் கொப்பி எடுக்கிற வேலையை விடாதேங்கோ. இதில நான் கொஞ்சம் கண்டிப்பாத்தான் சொல்லுவன். எங்கட ஆக்கள் 2008, 2009ல வீடு வீடா, ஊர் ஊரா விட்டிட்டுப் போகேக்க அல்பமும் போச்சு. எங்கட அப்பம்மாவுக்கு இண்டைக்கு இருக்கிறது ஒரே ஒரு படம், அதுவும் கனடாவில இருக்கிற மாமி தன்ர அல்பத்தில இருந்து ஸ்கேன் பண்ணி அனுப்பினது, 1.8 எம்பி பைல். வன்னியில எத்தினையோ வீட்டில இப்பிடித்தான், வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பின கொப்பிதான் மிச்சம். அந்த மாதிரி ஒரு பைல் கிடக்கிற டிஸ்க்கை ஒரே ஒரு கொப்பியோட வச்சுக்கொண்டு ஆரும் கழட்டிப் பூட்டக்கூடாது. வெளி டிஸ்க்கில ஒரு கொப்பி போடுங்கோ, போட்டுட்டு அந்த வெளி டிஸ்க்கை வேற ஒரு கொம்பியூட்டரில கொழுவி நாலு படத்தையாவது திறந்து பாருங்கோ. கொப்பி ஆகினது வேற, திறபடுறது வேற.

என்ன வாங்குறது

உங்கட மதர்போட்டைப் பொறுத்தது. அக்கான்டது எச்81 சிப்செட். அதில சாட்டா போர்ட், அதாவது டிஸ்க்கின்ட கேபிள் கொழுவுற வாய், நாலு வரும், ரெண்டு 6 ஜிகாபிட், மற்ற ரெண்டும் 3 ஜிகாபிட். போர்ட்டுக்குப் பக்கத்தில போட்டிலயே சின்னதா எழுதியிருக்கும், டோர்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். எஸ்.எஸ்.டியை 6 இல கொழுவோணும், மற்றதில கொழுவினாலும் வேலை செய்யும், ஆனா வேகம் 280 எம்பி அளவோட நிண்டுடும். பழைய ஹாட் டிஸ்க் எப்பிடியும் 200 எம்பியைத் தாண்டாது, அதுக்கு 3 காணும்.

புது மெஷினெண்டா எம்.2 எண்ட சின்னச் சொருகு இடம் இருக்கும். இஞ்சதான் கன பேர் பிழைவிடினம். எம்.2 எண்டது வடிவம் மட்டும்தான், 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம், அதாலதான் 2280 எண்டு போடுறவை. அதே வடிவத்தில சாட்டாவும் வரும், அதை விட வேகமான என்.வி.எம்.ஈ எண்ட வகையும் வரும். பல்லில ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு எண்டா என்.வி.எம்.ஈ. ஆனா வெட்டை மட்டும் நம்பாம மொடல் நம்பரை வச்சு போட்டின்ட மனுவலைப் பாத்திட்டு வாங்குங்கோ, சில போட் ஒண்டை மட்டும்தான் ஏற்கும். என்.வி.எம்.ஈ மூண்டாம் தலைமுறை 3500 எம்பி வரைக்கும், நாலாம் தலைமுறை 7000 வரைக்கும் போகும். வீட்டு வேலைக்கு, வேர்ட், எக்செல், ஸூம் வகுப்புக்கு, சாட்டா எஸ்.எஸ்.டிக்கும் இதுக்கும் கண்ணால பெரிய வித்தியாசம் தெரியாது. ஹாட் டிஸ்க்கில இருந்து எஸ்.எஸ்.டிக்குப் போறதுதான் பெரிய பாய்ச்சல்.

அளவு எண்டு பாத்தா 240 ஜிபி விண்டோஸுக்கும் சொஃப்ட்வெயருக்கும் காணும், படமும் வீடியோவும் பழைய டிஸ்க்கில கிடக்கட்டும். கையில கொஞ்சம் கூட இருந்தா 480 இல்லாட்டி 500 எடுங்கோ. பூட்டின பிறகு "500 எண்டு வாங்கினது 465 எண்டு காட்டுது, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" எண்டு சண்டைக்குப் போகாதேங்கோ. கொம்பனி ஆயிரத்தால பிரிச்சு எண்ணுது, விண்டோஸ் 1024ஆல எண்ணுது, 1 டிபி எண்டா 931 காட்டும், அவ்வளவுதான்.

"எஸ்.எஸ்.டி எழுத எழுதத் தேயுமாமே" எண்டும் கேக்கினம். தேயும்தான். சம்சுங் 870 ஈவோ 500 ஜிபியை எடுத்தா 300 டிபி எழுதுற வரைக்கும் எண்டு கொம்பனி சொல்லுது. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 15,000 நாள், நாப்பது வருசம். அதுக்கு முதல் கொம்பியூட்டர் இருக்காது.

பேர் தெரியாத மலிவுச் சாமானில மட்டும் கவனம். ஒன்லைனில 2 டிபி வெளி எஸ்.எஸ்.டி எண்டு அரை விலைக்கும் கீழ போட்டிருந்தா அது பெரும்பாலும் உள்ளுக்க ஒரு சின்ன மெமரி காட், பெரிய அளவாக் காட்டுற மாதிரி மாத்திவிட்டிருப்பாங்கள். நிரம்பின பிறகு பழைய பைலுக்கு மேலயே எழுதும், பேர் எல்லாம் இருக்கும், திறந்தா ஒண்டும் இராது. சந்தேகம் எண்டா எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட சொஃப்ட்வெயரால முழுக்க எழுதி வாசிச்சுப் பாத்திட்டு மட்டும் பாவியுங்கோ. கிளிநொச்சியோ வவுனியாவோ, பில்லோடயும் வொரண்டி ஸ்டிக்கரோடயும் தாற கடையில ஐநூறு ரூபா கூடக் குடுத்து வாங்குறது எனக்குச் சரியாப் படுது.

பெட்டியைத் திறந்து பூட்டுறது

சோளகம் அடிக்கிற காலத்தில கிறவல் றோட்டுக்குப் பக்கத்தில இருக்கிற வீடெண்டா பெட்டிக்குள்ள செம்மண் படை படையாக் கிடக்கும். அக்கான்டதைத் திறக்க ஒரு பல்லி முட்டையும் ஒரு எறும்புக் கூட்டமும் இருந்தது. விறாந்தைக்குக் கொண்டுபோய்த் துடையுங்கோ, வீட்டுக்குள்ள வேண்டாம். பெயின்ட் பிரஷால மெல்லத் தட்டி, புளோவர் பிடிக்கிறதெண்டா ஃபானை விரலால பிடிச்சுக்கொண்டு பிடியுங்கோ, சுத்தவிடாதேங்கோ.

கொம்பியூட்டரை ஷட் டவுன் பண்ணி, பிளக்கைக் கழட்டி, பிறகு பவர் பட்டனை ஒரு பத்துச் செக்கன் அமத்திப் பிடிச்சு உள்ள நிண்ட கரண்டையும் இறக்குங்கோ. பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருக்கா தொட்டிட்டு வேலையைத் தொடங்கினா உடம்பில இருக்கிற ஸ்டாட்டிக் போயிடும். எதையும் கழட்ட முதல் போனால ஒரு படம் எடுங்கோ, எந்த வயர் எங்க எண்டு பிறகு மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

எஸ்.எஸ்.டிக்கு ரெண்டு வயர், ஒண்டு மதர்போட்டில இருந்து வாற மெல்லிய சாட்டா கேபிள், மற்றது பவர் சப்ளையில இருந்து வாற அகலமான பிளக். ரெண்டுக்கும் வாய் எல் எழுத்து மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும், ஒரு பக்கத்தாலதான் போகும், போகாட்டி திருப்பிப் பாருங்கோ, தள்ளி அமத்தினா பிளாஸ்டிக் முறிஞ்சிடும். டெஸ்க்டொப் பெட்டியில 2.5 இஞ்சி எஸ்.எஸ்.டிக்கு இடம் இல்லாட்டி தகட்டு பிராக்கெட் ஒண்டு கடையில கிடைக்கும். பவர் பிளக் மிச்சம் இல்லாட்டி பழைய நாலு ஊசி மோலெக்ஸில இருந்து மாத்துற வயர் விக்கும், அதில பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடின மலிவு வயரை எடுக்காதேங்கோ, உள்ளுக்க கம்பி ஒண்டோடொண்டு முட்டி உருகி எரிஞ்ச கதை கனக்க இருக்கு. வயர் ஒவ்வொண்டும் தனித்தனியாக் கவ்விப் பிடிச்சிருக்கிற மாதிரிப் பிளக்கைக் கேட்டு வாங்குங்கோ.

விண்டோஸ்: க்ளோனோ, புதுசோ

க்ளோன் எண்டா பழைய டிஸ்க்கை அப்பிடியே புதுசுக்கு உரிச்சு வைக்கிறது. க்ளோன்ஸில்லா, ரெஸ்கியூஸில்லா ரெண்டும் இலவசம், பென் டிரைவில போட்டு எழுப்பலாம். ஆனா ஒரு கண்ணி இருக்கு. 500 ஜிபி ஹாட் டிஸ்க்கில 100 ஜிபிதான் பாவிச்சிருந்தாலும், புது எஸ்.எஸ்.டி 480 எண்டா அது சின்னன், இந்த ரெண்டும் வழமையா ஏற்காது, டிஸ்க் சின்னன் எண்டு சொல்லி நிண்டுடும். அப்ப எஸ்.எஸ்.டி கொம்பனி தன்ர டிஸ்க்குக்கு எண்டு குடுக்கிற க்ளோன் சொஃப்ட்வெயரைப் பாவிக்கலாம், சம்சுங், குரூசியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் எல்லாம் குடுக்குது, அது அளவைச் சுருக்கிப் போடும். எதில செய்தாலும் எது சோர்ஸ், எது டெஸ்டினேஷன் எண்டதை டிஸ்க்கின்ட மொடல் நம்பரையும் அளவையும் பாத்து ரெண்டு தரம் வாசிச்சிட்டு ஓகே குடுங்கோ. திசை மாறினா வெறும் டிஸ்க் உங்கட டிஸ்க்குக்கு மேல ஏறிடும்.

எனக்கெண்டா, வருசக்கணக்காக் குப்பை சேர்ந்த மெஷினுக்குப் புதுசாப் போடுறதுதான் விருப்பம். மைக்ரோசொஃப்ட்டின்ட மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி பென் டிரைவில போடோணும், டேட்டா கனக்க இழுக்கும், இரவு பக்கேஜில இறக்குங்கோ. விண்டோஸ் அக்டிவேஷன் மதர்போட்டோடதான் ஒட்டியிருக்கு, டிஸ்க் மாத்தினா போகாது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான அப்டேட் நிண்டுட்டுது, விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் ஜெனரேஷனுக்குக் கீழ முறைப்படி ஏற்காது, அக்கான்ட மாதிரிப் பழைய மெஷினில லினக்ஸ் மின்ட் போடலாம், அது எஸ்.எஸ்.டியில சும்மா பறக்கும். அக்காவுக்கு வேர்ட் கட்டாயம் வேணும் எண்டதால 10ஐப் போட்டு, ஒரு வருசம் கூடத் தாற பாதுகாப்பு அப்டேட்டிலயும் சேர்த்துவிட்டன்.

விண்டோஸ் போட முதல் பயோஸுக்குள்ள (ஓன் பண்ணினோடன விண்டோஸ் எழும்ப முதல் திறக்கிற செட்டிங்ஸ்) போய் சாட்டா மோட் ஏ.எச்.சி.ஐ எண்டு இருக்கோ பாருங்கோ. ஐ.டி.ஈ எண்டு இருந்தா இப்பவே மாத்துங்கோ, விண்டோஸ் போட்ட பிறகு மாத்தினா நீலத் திரை வந்து நிக்கும்.

அடுத்தது, விண்டோஸ் போடேக்க பழைய டிஸ்க்கின்ட சாட்டா கேபிளைக் கழட்டி விடுங்கோ. எஸ்.எஸ்.டி மட்டும் பூட்டியிருக்கோணும். இதை நான் பட்டுத்தான் படிச்சனான். ஒரு வீட்டில ரெண்டு டிஸ்க்கும் கொழுவினபடியே போட்டுக் குடுத்தன், நல்லா ஓடினது. எட்டு மாசம் கழிச்சு அவை பழைய டிஸ்க் சத்தம் போடுது எண்டு கழட்டிப்போட்டு ஓன் பண்ண, கறுப்புத் திரையில பூட் டிவைஸ் இல்லை எண்டு வந்திட்டுது. விண்டோஸ் எஸ்.எஸ்.டியிலதான் இருந்தது, ஆனா எழுப்புற சின்னப் பகுதியை இன்ஸ்டோலர் பழைய டிஸ்க்கில கிடந்ததிலயே வச்சிட்டுது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் அசைன்மென்ட் குடுக்கோணும், அண்டைக்கு இரவு பத்து மணி வரைக்கும் இருந்து திருத்தினன். ஒரு கேபிளைக் கழட்டியிருந்தா இவ்வளவும் இல்லை.

பழைய டிஸ்க்கை டி டிரைவ் ஆக்குறது

விண்டோஸ் எழும்பி அப்டேட்டும் முடிஞ்ச பிறகு நிப்பாட்டிப்போட்டு பழைய டிஸ்க்கைக் கொழுவுங்கோ. ஓன் பண்ணினோடன பயோஸில முதல் எழும்புறது எஸ்.எஸ்.டி எண்டு வச்சுவிடுங்கோ. விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அமத்தி டிஸ்க் மேனேஜ்மென்டுக்குப் போனா ரெண்டு டிஸ்க்கும் தெரியும், எழுத்து இல்லாட்டி ரைட் கிளிக் பண்ணி டி எண்டு குடுக்கலாம். "போர்மட் பண்ணோணும்" இல்லாட்டி "இனிஷியலைஸ் பண்ணோணும்" எண்டு கேட்டா, பைல் இருக்கிற டிஸ்க்குக்கு ஒருக்காலும் ஓம் சொல்லாதேங்கோ, கான்சல் பண்ணிப்போட்டு கேபிளைப் பாருங்கோ. புத்தம்புது டிஸ்க் எண்டா மட்டும் இனிஷியலைஸ் பண்ணி ஜி.பி.டி எண்டதை எடுங்கோ, பழைய எம்.பி.ஆர் முறை 2 டிபிக்கு மேல காணாது.

இனி டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் போல்டரை டிக்கு மாத்தோணும், இல்லாட்டி ஆறு மாசத்தில திரும்பவும் சி சிவந்திடும். டியில டொக்கியூமென்ட்ஸ் எண்டு ஒரு போல்டர் முதல் செய்யுங்கோ, பிறகு சியில இருக்கிற அதே போல்டரை ரைட் கிளிக் பண்ணி ப்ரொப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் எண்டு போய் அந்தப் புதுப் போல்டரைக் காட்டுங்கோ. போல்டர் செய்யாம வெறும் டியையே காட்டினா முழு டி டிரைவும் டொக்கியூமென்ட்ஸ் ஆகிச் சிக்கிடும்.

க்ளோன் செய்த ஆக்களுக்கு இன்னொரு தலையிடி வரும். 500ஐ 1 டிபிக்கு க்ளோன் பண்ணினா மிச்ச இடம் கறுப்புக் கோடு போட்டு சும்மா கிடக்கும், சியில ரைட் கிளிக் பண்ணினா எக்ஸ்டென்ட் எண்டது மங்கிக் கிடக்கும். காரணம் சிக்கும் அந்த வெறும் இடத்துக்கும் நடுவில ரெக்கவரி எண்டு ஒரு சின்னப் பகுதி குந்தியிருக்கும், விண்டோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தை மட்டும்தான் சேர்க்கும். ஜிபார்ட்டட் எண்ட இலவச டூலைப் பென் டிரைவில எழுப்பி அந்த ரெக்கவரியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டா எக்ஸ்டென்ட் வேலை செய்யும்.

எஸ்.எஸ்.டிக்கு டிஃப்ராக் (சிதறின பைல் துண்டுகளை ஒண்டாச் சேர்க்கிற) சொஃப்ட்வெயர் ஒண்டும் போடாதேங்கோ. விண்டோஸில ஒப்டிமைஸ் டிரைவ்ஸ் எண்டதை ஓனில விட்டா அது ட்ரிம் எண்டதைச் செய்யும், அழிச்ச இடத்தை எஸ்.எஸ்.டிக்குச் சொல்லிக் குடுக்கிறது. சியை முட்ட நிரப்பாம பத்துப் பதினைஞ்சு வீதம் காலியா விடுங்கோ.

லப்டொப்காரருக்குச் சுருக்கமா: பற்றரியை முதல் கழட்டுங்கோ, உள்ளுக்க பூட்டினதெண்டா அந்தப் பற்றரி வயரை. எம்.2வைச் சரிவாச் சொருகி, பிறகு படுக்கவச்சு ஆணி, அந்த ஆணி அரிசி அளவுதான், ஒரு வெள்ளைத் துணியை விரிச்சுப்போட்டு வேலை செய்யுங்கோ. புது லப்டொப்பில பிட்லொக்கர் (டிஸ்க்கில இருக்கிறதை மற்றவை வாசிக்கேலாமப் பண்ணுற விண்டோஸ் பாதுகாப்பு) பெரும்பாலும் ஓனில இருக்கும், ரெக்கவரி கீயைக் கடதாசியில எழுதி வச்சிட்டுத் தொடுங்கோ, இல்லாட்டி உங்கட பைல் உங்களுக்கே திறபடாது. டீவிடி இருக்கிற பழைய லப்டொப்பில அதைக் கழட்டி கேடி எண்ட தட்டில ரெண்டாவது டிஸ்க்கைப் பூட்டலாம், தடிப்பு 9.5ஓ 12.7 மில்லிமீற்றரோ எண்டு அளந்து வாங்குங்கோ.

கரண்ட்

க்ளோன் ஓடேக்க கரண்ட் போனா புது டிஸ்க்கில அரைகுறைதான் இருக்கும், திரும்பத் தொடங்கோணும். ஜிபார்ட்டட்டில பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில பிரிச்ச பகுதியை, நகர்த்தேக்க போனா அதை விட மோசம், பைலே போகலாம். திருத்த வேலைக்குக் கரண்ட் நிப்பாட்டுற நாளில தொடங்காதேங்கோ, யூ.பி.எஸ் இல்லாட்டி ஒரு நாளைக்கு ஆரிட்டையாவது இரவல் கேளுங்கோ. ஐப்பசி, கார்த்திகையில பின்னேரத்தில இடி முழங்கினா பிளக்கோட ரூட்டர் வயரையும் கழட்டுங்கோ, மின்னல் அந்த வயராலயும் வரும்.

பக்கப் டிஸ்க்குக்கு எஸ்.எஸ்.டி வேண்டாம், ஹாட் டிஸ்க்கே எடுங்கோ. முழுக்கத் தேஞ்ச எஸ்.எஸ்.டி கரண்ட் இல்லாம 30 பாகையில ஒரு வருசம் தாங்கினாக் காணும் எண்டுதான் தரக் கணக்கு, எங்கட அலுமாரிக்குள்ள சித்திரை வெயிலுக்கு 30 எங்க நிக்குது. நான் 1 டிபி வெளி ஹாட் டிஸ்க் ரெண்டு வச்சிருக்கிறன். ஒண்டு வீட்டில, மற்றது ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள, மருந்துப் போத்தலில வாற சிலிக்கா பக்கெட் நாலும் போட்டு, வவுனியாவில தங்கச்சி வீட்டில. தைப்பொங்கலுக்கும் வருசத்துக்கும் போகேக்க வீட்டில இருக்கிறதைப் புதுசா நிரப்பிக் கொண்டுபோய்க் குடுத்திட்டு, ரின்னுக்குள்ள இருக்கிறதை எடுத்துக்கொண்டு வருவன். கொண்டுவந்து கொழுவினோடன முதல் திறந்து பாக்கிறது அப்பம்மான்ட அந்த 1.8 எம்பி படம்.